நாலாம் நம்பர் மெஷினில் மூன்றாவது டிஸ்க்

ஒரு கொம்பியூட்டருக்குள் சூனியம் புகுந்துவிட்டது என்று நான் நம்பினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்துச் சிரிப்பதைவிட இது மேல். முனி, பேய், செய்வினை எதையும் நம்பாத ஆள் நான். தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், மெஷினைக் காக்கிற ரோதமுனிக்குப் பூசை என்று கூப்பிட்டால் கும்பிடப் போகமாட்டேன், கறிச்சோற்றுக்குப் போவேன். அப்படிப்பட்ட நான் ஒரு புதன்கிழமை மத்தியானம், ஒரு செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு, மற்றதைக் கையில் பிடித்துக்கொண்டு, தேயிலைக்குள் விழுந்து ஓடினேன். நம்பினால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் ஓடினது ஓடினதுதான்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு இருக்கும். அட்டன் டவுனில் எனக்கு ஒரு சின்னக் கடை. கலியாண அழைப்பிதழ், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ் டைப் செய்வது, பழுதான கொம்பியூட்டர் திருத்துவது. அது போக, மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் புதனும் சனியும் பிள்ளைகளுக்குக் கொம்பியூட்டர் வகுப்பு. மாஸ்டர் என்று கூப்பிடுவார்கள். எந்தப் பள்ளிக்கூடமும் எனக்கு அந்தப் பட்டத்தைத் தரவில்லை, அவர்களாகவே தந்தது. வகுப்பு நடந்த இடம் பழைய பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற அறைக்குத் தோட்டத்தில் அதுதான் பேர். புதுக் கட்டடம் வந்த பிறகு அது சும்மா கிடந்தது. சேலைத் தொட்டில் கட்டின இரும்புக் கொக்கிகள் கூரை மரத்தில் வரிசையாக அப்படியே தொங்கும். அதற்குக் கீழே ஆறு கொம்பியூட்டர்.

ஆறும் யாரோ கொழும்பில் கழித்துக் கொடுத்தவை. ஒன்றிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. ஹார்ட் டிஸ்க் இல்லாத கொம்பியூட்டர், காலையில் கண்ணைத் திறந்து, தான் யாரென்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிற ஆள் மாதிரி. அதைத் தட்டி எழுப்பி, நீ இன்னார், உன் வேலை இன்னது என்று சொல்லுகிற சின்ன மென்பொருளுக்குப் பூட்லோடர் என்று பேர். நான் பாவித்த பூட்லோடர் சீடியிலிருந்து எழும்பி, மெஷினின் நினைவகத்திலேயே ஓர் இடத்தை வளைத்துப் பிடித்து, இதுதான் உன் டிஸ்க் என்று பொய் சொல்லும். மெஷினும் நம்பிவிடும். வேர்ச்சுவல் டிஸ்க் என்பார்கள், நான் பொய் டிஸ்க் என்பேன். பிள்ளைகள் எழுதுவதெல்லாம் அந்தப் பொய்க்குள்தான் இருக்கும். கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

அதனால் ஒரு ஏற்பாடு வைத்திருந்தோம். அச்சடிக்க வேண்டியதை நாலாம் நம்பர் மெஷினில்தான் எழுத வேண்டும். ஏனென்றால் அதை யாரும் நிறுத்துவதில்லை. நிறுத்தினால் அந்தக் குளிருக்கு அது மறுபடி எழும்பாது, தலைமயிர் காயவைக்கிற சாமானை அதன் வயிற்றில் பிடித்து அரை மணித்தியாலம் சூடு காட்ட வேண்டும். தொல்லையே வேண்டாமென்று கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற ஒரு யூபிஎஸ்ஸைப் பக்கத்தில் வைத்து, இரவு பகலாக ஓட விட்டிருந்தோம். சிக்கிக்கொண்டால் கீபோர்டில் மூன்று கட்டைகளைச் சேர்த்து அமுக்கி மறுபடி எழுப்புவதோடு சரி. சனிக்கிழமை நான் ஒரு பிரிண்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவேன், நாலாம் நம்பரில் இருப்பதையெல்லாம் அச்சடித்துக் கொடுப்பேன், கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் அழிப்பேன்.

இந்த நாலாம் நம்பரில் ஒரு பிழை இருந்தது. சீடி ஒன்று, பொய் டிஸ்க் ஒன்று, ஆக இரண்டுதான் இருக்க வேண்டும். மறுபடி எழுப்பினால் பூட்லோடர் மூன்று என்று காட்டும். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டில் நிற்கிற ஆட்களை எண்ணினால் ஒரு தலை கூட வருகிற மாதிரி. அந்த மென்பொருளை எழுதுகிற குழுவுக்கு மின்னஞ்சல் போட்டேன். தோமாஸ் என்று ஒருவர், ஐரோப்பாவில் எங்கேயோ இருக்கிறவர், பதில் போட்டார். மூன்று கட்டையை அமுக்கும்போது கரண்ட் அறுவதில்லை, அதனால் பழைய பொய் டிஸ்க் நினைவகத்தில் அப்படியே கிடக்கிறது. பூட்லோடர் அதைத் தாண்டிப் பக்கத்தில் புதிதாக ஒன்றைப் போட்டுவிட்டு, இரண்டையும் எண்ணிவிடுகிறது என்றார். பதினொரு வரியில் ஒரு திருத்தம் எழுதியிருக்கிறேன், வரி வரியாகப் பார்த்து, சோதித்து, சரியா என்று சொல் என்றார். கூடவே ஒரு கேள்வி: "அந்தப் பழைய டிஸ்க்கில் யாருக்காவது தேவையான ஏதாவது இருக்க இடமுண்டா? இருந்தால் அதைப் பத்திரமாக வைத்து வாசிக்க மட்டும் விடுகிறேன். இல்லையென்றால் எழும்பும்போதே துடைத்துவிடுகிறேன். நீயே முடிவு சொல்."

என்னைக் கேட்டார், பாருங்கள். அந்தப் பதினொரு வரியை அச்சடித்து, சிவப்புப் பேனாவோடு, சோதனைத் தாள் திருத்துகிற தோரணையில் பஸ்ஸில் விரித்து வைத்துக்கொண்டுதான் அந்தப் புதன்கிழமை போனேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்தார். ஐரோப்பாவுக்குத் திருத்திக் கொடுக்கிறேன் என்றேன். அவர் தள்ளி உட்கார்ந்தார்.

பிள்ளைக்காம்பரா வாசலில் முத்தாயி நின்றாள். வகுப்புக்கு வருகிற புவனாவின் அம்மா. தலையில் சாக்கு, இடுப்பில் படங்குத் துணி, காலெல்லாம் அட்டை கடித்த இரத்தம். மலையிலிருந்து அப்படியே இறங்கி வந்திருக்கிறாள்.

"சனிக்கெழம நீங்க வரலீங்களே மாஸ்டர்."

"சளிக்கா, எழும்பவே முடியல" என்றேன். சளி இல்லை. டீவியில் கிரிக்கெட்.

"புவனா வெள்ளிக்கெழமயே கொழும்புக்குப் போயிட்டா. ஒரு அம்மா வேன்ல வந்து கூட்டிட்டுப் போச்சு, வீட்டு வேலைக்கு."

"எந்த வீட்டுக்கு?"

"அதக் கேக்கத்தான வந்தேன். ஒனக்குச் சொன்னா மனசுல நிக்காதும்மா, எல்லாத்தையும் நாலாம் நம்பர்ல எழுதி வச்சிட்டேன், சனிக்கெழம மாஸ்டர் அச்சடிச்சு வாசிச்சுக் காட்டுவாருன்னா. ஞாயித்துக்கெழம தோட்டத்துக் கடைக்குப் போன் எடுக்கிறேன்னு சொன்னா. கடை வாசல்லயே நின்னேன் மாஸ்டர், பொழுது போற வரைக்கும். எடுக்கலீங்க. மேல் லயத்து வீட்டுப் பிள்ளை ஒண்ணு இப்புடித்தான் போயி, ரெண்டு வருசமாச் சத்தமே இல்ல."

உள்ளே போய் நாலாம் நம்பரைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சன்னாசி அண்ணன் தலையைச் சொறிந்தார்.

"திங்கக்கெழம பிள்ளைங்க வந்து வெளையாடுச்சுங்க மாஸ்டர். சிக்கிருச்சுன்னு மூணு கட்டயையும் அமுக்குனாங்க. நீங்க சொல்லிக் குடுத்த மாதிரிதான் அமுக்குனாங்க."

அழிந்து போச்சு அக்கா என்று முத்தாயியிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, மெஷினைப் பார்த்தாள்.

"நல்லாத் தேடிப் பாருங்க மாஸ்டர். அதுல ஒங்களுக்குத் தெரியாதது என்னா இருக்கு" என்றுவிட்டு மலைக்கு ஏறிப் போனாள்.

நீங்கள் இந்நேரம் பிடித்திருப்பீர்கள். உங்களுக்குப் புத்தி இருக்கிறது. என் பைக்குள் தோமாஸின் கடிதம், பழைய டிஸ்க் அப்படியே கிடக்கிறது என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது, நான் பிடிக்கவில்லை. ஏனென்று கேட்டால், அந்த மூன்றாவது டிஸ்க்கை அதற்கு முன் ஏழெட்டுத் தடவை திறந்திருக்கிறேன், ஒருநாளும் உள்ளே ஒன்றும் இருந்ததில்லை. இருக்காதுதானே, நான் எல்லாவற்றையும் அழித்த பிறகுதான் எழுப்புவேன். அது எனக்கு ஓர் எண், பிழையாக எண்ணப்பட்ட எண், அவ்வளவுதான்.

மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வெளியே பனிமூட்டம் சன்னல் கம்பிக்குள்ளால் உள்ளே வந்துகொண்டிருந்தது. வகுப்புக்கு அன்றைக்கு ஒரு பிள்ளை இல்லை, அடைமழை. சரி, திருத்தத்தைப் போடுவதற்கு முன்னால் பிழையை ஒரு தடவை பார்த்துக்கொள்வோம் என்று பூட்லோடரின் கறுப்புத் திரைக்குப் போனேன். மூன்று டிஸ்க். மூன்றாவதைத் திறந்தேன்.

உள்ளே ஒரு கோப்பு இருந்தது.

தேதியைப் பார்த்தேன். 1980 ஜனவரி. சன்னாசி அண்ணன் வாசலில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, எம்பதுல இந்தக் கட்டடத்துல என்ன இருந்துச்சு?" என்றேன். "எம்பதுலயா? பிள்ளைக்காம்பராதான். கொக்கி பூராத் தொட்டிலு. ரெண்டு மூணு செத்தும் போச்சு, காய்ச்சல்ல" என்றார், ஏதோ மழை வரும் என்கிற மாதிரி.

முதுகுத் தண்டில் ஏதோ ஊர்ந்தது. அட்டையாக இருக்கலாம், பார்க்கவில்லை. கோப்பைத் திறந்தேன். திரை முழுக்க எழுத்து, ஆங்கில எழுத்து, ஆனால் ஆங்கிலம் இல்லை. எந்த மனுசப் பாஷையும் இல்லை. முதல் வரி இப்படித் தொடங்கியது: mk;kh. நடுவில் புள்ளியும் கொம்பும் அடைப்புமாக, மந்திரத் தகட்டில் கீறி வைத்த மாதிரி, ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப. நான் என்ன செய்தேன் தெரியுமா? அதை வாய்விட்டு வாசித்தேன். எம், கே, கே, எச். கொம்பியூட்டர் படித்தவன், ஐரோப்பாவுக்குத் திருத்திக் கொடுக்கிறவன், பேய் மந்திரத்தை நானே உச்சரித்தேன்.

அப்போது தலைக்கு மேலே கொக்கிகள் ஆடின. ஒன்று இரண்டு இல்லை, எல்லாமே, ஒரே பக்கமாக, குழந்தையைத் தாலாட்டுகிற வேகத்தில். ஸ்டோரில் மெஷின் ஓடினால் கட்டடம் அதிரும் என்பீர்கள். அன்றைக்கு மலையில் புல்லு வெட்டுதான், கொழுந்து வரத்து இல்லை, ஸ்டோர் பூட்டிக் கிடந்தது.

பயத்திலும் ஒரு தொழில் புத்தி வேலை செய்தது, அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். தோமாஸுக்கு ஆதாரம் வேண்டுமே என்று முதல் மூன்று வரியைக் கொப்பியில் பார்த்து எழுதினேன், எழுத்துக்கு எழுத்து. நாலாவது வரிக்குப் போகும்போது மெஷின் ஒரு தடவை கீச்சென்று கத்தியது. அவ்வளவுதான், கதிரை ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கதவு நிலையில் இடுப்பு இடித்து, படியில் வழுக்கி, செருப்பு விஷயம் ஏற்கெனவே சொல்லிவிட்டேன். நாலு வரிசைத் தேயிலை தாண்டித்தான் நின்றேன். சன்னாசி அண்ணன் குடையோடு பின்னால் வந்தார்.

"என்னா மாஸ்டர், சிறுத்தயா?"

"அந்த நாலாம் நம்பர்ல ஏதோ இருக்குண்ணே."

அவர் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் பயம். எலுமிச்சங்காய் ஒன்றை நாலாகக் கீறி, குங்குமம் தடவி, மெஷினின் நாலு மூலையிலும் வைத்தார். மௌஸுக்குத் திருநீறு பூசினார். "நீங்க படிச்ச ஆளு, ஒங்க பக்கத்து மருந்தயும் பாருங்க" என்றார்.

என் பக்கத்து மருந்து கையிலேயே இருந்தது. பஸ்ஸில் அந்தப் பதினொரு வரியை ஒழுங்காகப் படிக்கவில்லை. படித்த மாதிரி ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் சிவப்பில் சரி போட்டேன். அட்டனில் இறங்கினதும் கடையைத் திறந்து தோமாஸுக்கு எழுதினேன். திருத்தம் நன்றாக இருக்கிறது, முழுதும் சோதித்துவிட்டேன், பழைய டிஸ்க்கில் யாருக்கும் தேவையான எதுவும் இல்லை, வெறும் குப்பை, மாதிரிக்கு மூன்று வரி கீழே தருகிறேன், துடைப்பதே பாதுகாப்பு. பாதுகாப்பு என்ற சொல்லைத் தேடிப் போட்டேன், பயம் என்று தெரியக்கூடாதே. அவர் ஒரு மணித்தியாலத்தில் பதில் போட்டார். நன்றி, நீ உறுதியாகச் சொல்வதால் துடைக்கிற வழியையே வைக்கிறேன் என்றார்.

வியாழக்கிழமை வகுப்பு இல்லாத நாள். ஆனாலும் புதுச் சீடியோடு போனேன், விடியக் காலையில், சன்னாசி அண்ணனை முன்னால் நடக்க விட்டு. சீடியைப் போட்டு மூன்று கட்டையை அமுக்கினேன். டிஸ்க் இரண்டு. தேங்காய் உடைத்தோம். கொக்கி ஆடவில்லை, மெஷின் கத்தவில்லை. இருபத்தைந்து வருசச் சாபத்தைப் பதினொரு வரியில் தீர்த்தேன் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளந்தேன்.

சனிக்கிழமை முத்தாயி வந்தாள். "தேடுனீங்களா மாஸ்டர்?" "தேடினேன்கா, இல்ல" என்றேன். "எழுதுனேன்னு சொன்னாளே" என்றாள். "பிள்ளைங்க அவசரத்துல எழுதாமயே எழுதிட்டேன்னு சொல்லும்கா. போன் வரும், பாருங்க" என்றேன். நல்ல பகிடிக்காரன்தான், ஒரு தாயிடம் அவள் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு கிழமை போயிருக்கும். அம்மன் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒன்று. பாமினி எழுத்துருவில் நானே டைப் செய்தது, இந்தப் பக்கத்தில் அப்போது எல்லோருக்கும் அதுதான். கடை மெஷினைப் புதிதாக நிறுவியிருந்தேன், எழுத்துருவைப் போட மறந்துவிட்டேன். நோட்டீஸைத் திறந்ததும் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக் குப்பை வந்தது. தினமும் பார்க்கிற குப்பைதான், எரிச்சலோடு மூட வேண்டியது. தலைப்பில் அம்மன் என்று இருக்க வேண்டிய இடத்தில் mk;kd; என்று இருந்தது.

பிள்ளைக்காம்பராவில் நான் வாய்விட்டு வாசித்தது mk;kh.

பூட்லோடரின் கறுப்புத் திரைக்கு ஏது தமிழ் எழுத்துரு? அந்த நாலாம் நம்பரில் மணிக்கூட்டுப் பற்றரி செத்து ஆறு மாதம். முந்திய மாசம் கடைசியாக நின்று எழும்பியபோது அது தன் காலத்தை 1980இலிருந்து தொடங்கிவிட்டது. பத்து வருசம் பாமினி டைப் செய்த எனக்கு அம்மா என்ற சொல்லை, பயந்த கண்ணால், அடையாளம் தெரியவில்லை.

எழுத்துருவைப் போட்டேன். கொப்பியை எடுத்து மூன்று வரியையும் எழுத்துக்கு எழுத்து அடித்தேன்.

அம்மாவுக்கு. மாஸ்டர் வாசிச்சுக் காட்டும்போது அழாமக் கேளு.

நான் போற வீட்டுக்காரங்க பேரும் நம்பரும் ரோட்டுப் பேரும் கீழ எழுதியிருக்கேன்.

ரெண்டு மாசத்துல நான் வரலைன்னா நீ மாஸ்டரைக் கூட்டிக்கிட்டு

அதோடு திரையின் ஓரம் வந்து வரி முடிந்திருந்தது. அடுத்த வரியை நான் எழுதவில்லை.

தோமாஸுக்கு அன்றைக்கே கேட்டேன், துடைத்ததைத் திரும்ப எடுக்க வழி உண்டா என்று. ஒவ்வோர் இடத்திலும் பூச்சியம் எழுதுகிறோம், திரும்பாது என்றார். ஏன், ஏதாவது முக்கியமானது இருந்ததா என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் பதில் போடவில்லை. அந்தக் குழுவின் பழைய கடிதங்களுக்குள் என் மூன்று வரி குப்பைக்கு உதாரணமாக இன்னும் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்.

முத்தாயியிடம் போய்ச் சொன்னேன். பூட்லோடர், டிஸ்க் எல்லாம் சொல்லவில்லை. இருந்துச்சுக்கா, நான் பயந்துபோய் அழிச்சிட்டேன் என்றேன். ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன், ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் கேட்டது ஒன்றுதான். "எதுக்கு மாஸ்டர் பயந்தீங்க? அவ எழுதுனதுதானே?"

பொலிசில் எழுதிக் கொடுத்தோம். விலாசம் இருக்கா என்றார்கள். அந்த வேன் அம்மாவை யாருக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து நானும் முத்தாயியும் பஸ் ஏறிக் கொழும்புக்குப் போனோம், மாஸ்டரைக் கூட்டிக்கிட்டு என்றுதானே அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள். புவனாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் கேற் கேற்றாகத் தட்டினோம். நாய் குரைக்காத கேற்றே இல்லை. மூன்றாம் நாள் முத்தாயி நடைபாதையில் உட்கார்ந்து, எத்தன வீடு மாஸ்டர் என்றாள், அவ்வளவுதான்.

கொக்கிகள் ஏன் ஆடின என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்தும் ஆகப் போவதில்லை. சம்பள நாளில் டவுனுக்கு வந்தால் முத்தாயி கடைக்கு வருவாள். வாசிங்க மாஸ்டர் என்பாள். கொப்பியை எடுத்து மூன்று வரியையும் வாசிப்பேன். அழாமல் கேட்பாள். முடிந்ததும் "அப்புறம்?" என்பாள். இவ்வளவுதான்கா என்பேன்.

புவனா வரவில்லை. போனும் வரவில்லை.

நடந்தது இதுதான். வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை தன் அம்மாவுக்கு விலாசம் எழுதி வைத்தாள். புதன்கிழமை நான் அதைப் பார்த்தேன். வியாழக்கிழமை நான் அதை அழித்தேன்.